உரன் யாருடையது?

2020 ஐபிஎல்லில் சென்னை சூப்பர் கிங்ஸ் முதன்முறையாகப் பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதிபெறவில்லை. எவனுக்குத் தில் இல்லை என்று காரைக்குடியிலும் பட்டியல் போட்டார்கள். என் காதில் அதிகம் விழுந்த வசை, 'வளையல் போட்டுக்கச் சொல்லு.'

இது பழைய கணக்கு. தொல்காப்பியக் களவியல் பெருமையையும் உரனையும் ஆணுக்கு வைத்தது. அச்சம், நாணம், மடத்தைப் பெண்ணுக்கு. காதலுக்குச் சொன்ன அந்தப் பங்கீடு ஆடுகளத்திலும் செல்லுபடியாகிறது: தோற்றவன் பெண்ணாகிவிடுகிறான்.

இளைஞர்களிடம் பொறியைக் காணவில்லை என்று தோனியே அன்று சொன்னார். கொரோனாவிலிருந்து மீண்டு வந்து முதல் மூன்று ஆட்டங்களில் சொதப்பிய ருதுராஜ் கெய்க்வாட், கடைசி மூன்றிலும் அரைசதம் அடித்தார். 2021இல் 635 ரன்களோடு தொடரிலேயே முதலிடம், கோப்பையும் சென்னைக்கு. இடையில் அவருக்கு ஆண்மையா கூடியது? தொடர்ந்து ஆட வாய்ப்புக் கிடைத்தது. ஸ்கோரைப் பார்த்தபின் ஒட்டுகிற பெயர்தான் 'தில்'.

2025 மகளிர் உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்துக்கு வெளியே உட்கார்த்தப்பட்டவர் ஜெமிமா ரோட்ரிக்ஸ். அரையிறுதியில் ஆஸ்திரேலியாவை எதிர்த்து ஆட்டமிழக்காமல் 127 ரன் எடுத்தார். பிறகு, தொடர் நெடுகப் பதற்றத்தில் அழுததை எல்லோர் முன்னும் சொன்னார். அச்சமும் உரனும் ஒரே உடலில் இருந்தன. இலக்கணம்தான் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது.