இருளும் ஒலியும்
செவிவழி வீடியோ விளையாட்டுகள் பற்றிய ஒரு நோக்கு

1924ஆம் ஆண்டு ஜனவரி 15ஆந் திகதி பி.பி.சி. வானொலி ஒரு குறுநாடகத்தை ஒலிபரப்பிற்று. ரிச்சார்ட் ஹியூஸ் எழுதிய 'டேஞ்சர்' என்னும் அந்நாடகம், வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகமெனப் பொதுவாகக் கருதப்படுவது. வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கமொன்றே அதன் நிகழ்களம். சுரங்கத்தைப் பார்க்க வந்தோர் உள்ளே நிற்கும்போது விளக்குகள் அணைந்துவிடுகின்றன. பாத்திரங்கள் ஒருவரையொருவர் காணமாட்டார். குரலை மட்டுமே கேட்பர். வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்தவர்களும் அதே நிலையிலேயே இருந்தனர்.

இவ்வுத்தியின் திறமை வெளிப்படை. ஆயினும் அதனுள் ஒரு தயக்கமும் ஒளிந்திருக்கின்றது. மேடையையும் முகபாவத்தையும் இழந்த நாடகம், அவ்விழப்புக்குக் கதைக்குள்ளேயே காரணம் தேடிற்று. வானொலி நாடகம் தன் காலில் நிற்கத் தொடங்கியபின் இத்தகைய காரணம் வேண்டப்படவில்லை. பட்டப்பகலிலே கடற்கரையில் நிகழ்வதையும் ஒலியாற் புலப்படுத்தலாம் என்பது உணரப்பட்டது. ஒரு கலைவடிவம் தன்னிடம் இல்லாததற்குச் சமாதானம் கூறுவதை நிறுத்தும் நாளே அது முதிர்ச்சியடையும் நாளெனலாம்.

எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், முற்றிலும் வேறொரு துறையில் இதே பிரச்சினை எழுந்தது. காட்சி எதுவுமின்றி ஒலியை மட்டுமே கொண்டு ஆடப்படும் வீடியோ விளையாட்டு அது. 'வீடியோ' என்ற இலத்தீன் சொல்லுக்கே 'காண்கிறேன்' என்பது பொருளாதலின், இப்பெயரிலேயே ஒரு முரண் தொக்கி நிற்கின்றது. யப்பான், இங்கிலாந்து, கனடா ஆகிய நாடுகளில் வெவ்வேறு காலங்களில் வெளிவந்த மூன்று படைப்புகளை எடுத்துக்கொண்டு, அவை இம்முரணை எவ்வாறு எதிர்கொண்டன என்பதையும், அவை யாரை மனத்திலிருத்தி ஆக்கப்பட்டன என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒலிவெளியின் இயல்புகள்

படைப்புகளை மதிப்பிடுமுன் அவற்றின் மூலப்பொருளை அறிதல் வேண்டும். வலப்புறத்தே எழும் ஒலி வலச்செவியைச் சற்று முன்னதாகவும் சற்று வலிமையோடும் அடைகின்றது. இரு செவிகளுக்குமிடையிலான கால வேறுபாடு, மிகக் கூடியபோதும், ஏறத்தாழ 0.7 மில்லிசெக்கனே. இந்நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே மூளை திசையை உணர்கின்றதென்பதை றேலி பிரபு 1907இல் விளக்கினார். மேல், கீழ், முன், பின் என்னும் வேறுபாடுகளை உணர்த்துவதில் புறச்செவியின் மடிப்புகளுக்குப் பெரும் பங்குண்டு. இவ்விளைவுகளைக் கணினியாற் போலச்செய்து ஹெட்போன் வழியே செலுத்தும்போது, ஒலி தலையைச் சூழ்ந்த வெளியிலே எழுவதுபோன்ற உணர்வு உண்டாகின்றது. ஆனால் செவியின் அமைப்பு ஆளுக்காள் வேறுபடும். பொதுவான ஓர் அளவை எல்லோருக்கும் பயன்படுத்துங்கால், முன்னே எழும் ஒலி பின்னே எழுவதாக மயங்குதல் இயல்பு.

இதனிலும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. திரையிலுள்ள கதவு பார்க்கும்போதெல்லாம் அங்கேயே இருக்கும். கதவின் ஒலியோ எழுந்த கணத்திலேயே மறையும். ஒலிக்காத பொருள் செவியுலகில் இல்லாத பொருளே. சுவர் ஒலிப்பதில்லை. ஆகவே காலடியோசை எதிரொலிக்கும் விதத்தாலோ, மோதும்போது எழும் சத்தத்தாலோ சுவரை உணர்த்தவேண்டியுள்ளது. பல ஒலிகள் ஒருங்கே எழுந்தால் ஒன்றையொன்று விழுங்கும். எனவே எதனை ஒலிக்கவிடுவது, எதனை மௌனமாக்குவது, எதனை எத்தனை தடவை மீட்டும் ஒலிப்பது என்பனவே இங்கு வடிவமைப்பின் தலையாய வினாக்களாகும். காட்சி விளையாட்டில் ஓவியன் செய்வதை இங்கே மௌனத்தைப் பங்கிடுபவன் செய்கின்றான்.

சமநிலை என்னும் இலட்சியம்

முதலாவது படைப்பு, யப்பானிலே 1997 ஜூலையில் சேகா நிறுவனத்தின் 'சட்டர்ன்' கருவிக்கென வெளியான 'றியல் சவுண்ட்: கஸே நோ றிகிறெட்'. 'காற்றின் கழிவிரக்கம்' என இதன் துணைத்தலைப்பைத் தமிழ்ப்படுத்தலாம். இதனை ஆக்கியவர் வார்ப் நிறுவனத்தைச் சேர்ந்த கென்ஜி ஈனோ. காட்சிக் கவர்ச்சி மிக்க 'டி' என்னும் திகில் விளையாட்டினால் 1995இலேயே புகழ்பெற்றிருந்தவர் அவர். விழிப்புலனற்ற சிலர் தமது விளையாட்டுகளை ஆடிவருவதை அறிந்து, அவர்களை நேரிற் சென்று கண்டதன் பயனாகவே இப்படைப்பு உருவாயிற்றெனப் பின்னர் அவர் தெரிவித்தார். சேகா ஆயிரம் சட்டர்ன் கருவிகளை விழிப்புலனற்றோருக்கு அன்பளிப்பாக வழங்கவேண்டும், தாம் ஆயிரம் பிரதிகளை வழங்குவார் என்ற நிபந்தனையையும் அவர் முன்வைத்தார். விளக்கவுரை பிறெயில் எழுத்திலும் இணைக்கப்பட்டிருந்தது.

யூஜி சகமோட்டோ எழுதிய ஒரு காதற்கதை இது. ஆடுவோர் கதையைக் கேட்டுச் செல்வர். திரையில் எதுவும் தோன்றாது. கதை கிளைக்கும் இடங்களில் ஒரு மணியோசை எழும். அப்போது விசையை அழுத்தி ஒரு வழியைத் தெரிந்தெடுக்க வேண்டும். இக்கதை சுரங்கத்தில் நிகழ்வதன்று. இதில் விளக்கு அணைவதுமில்லை. இளமை நினைவும் பிரிவும் இயல்பான வெளிச்சத்திலேயே நிகழ்கின்றன. காட்சியின்மைக்குச் சமாதானம் கூறாத துணிவு இப்படைப்பின் முதற் சிறப்பு. பார்வையுள்ளவரும் இல்லாதவரும் ஒரே படைப்பின்முன் ஒரே நிலையில் அமர்கின்றனர் என்பது இரண்டாவது சிறப்பு. விழிப்புலனற்றோருக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட பண்டமாக இது ஆக்கப்படவில்லை.

எனினும் இச்சமநிலைக்குக் கொடுக்கப்பட்ட விலையையும் கணக்கிடவேண்டும். இரு மணியோசைகளுக்கிடையே ஆடுவோரின் கைக்கு வேலையில்லை. நடத்தல், திரும்புதல், தேடுதல், தவறுதல் ஆகிய எதுவும் இதில் இல்லை. காலம் உண்டு, வெளி இல்லை. வானொலி நாடகத்தின் செழுமையைப் பெற்ற இப்படைப்பு, விளையாட்டின் உயிராகிய செயலைப் பெரிதும் துறந்துவிட்டது. 1999இல் 'ட்றீம்காஸ்ட்' கருவிக்கு வெளியான பதிப்பில், விரும்பினாற் படங்களைப் பார்க்கும் வசதியும் சேர்க்கப்பட்டது. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. ஒருவர் பெறும் ஒன்றை மற்றவர் பெறவியலாத பழைய வேறுபாடு, ஈனோ மூடிய கதவின் வழியே மீண்டும் உள்ளே வந்தது.

அச்சம் என்னும் சாக்கு

யப்பானியப் படைப்பு விட்டுச்சென்ற வெளியையும் செயலையும் மீட்டெடுத்தது, இலண்டனைச் சேர்ந்த சம்திங் எல்ஸ் நிறுவனம் 2010இல் ஐபோனுக்கென வெளியிட்ட 'பப்பா சங்ரே'. இறந்தோர் உலகில், கும்மிருட்டில் ஆடுவோர் நிற்கின்றனர். திரையின் கீழே இரு பாதங்கள்; இடமும் வலமுமாக மாறிமாறித் தொட்டால் நடை. மேலேயுள்ள வளையத்தைத் திருப்பினால் உடல் திரும்பும். அடையவேண்டிய பொருளும் ஒலிக்கும். தவிர்க்கவேண்டிய கொடிய பிராணியும் ஒலிக்கும். விரைந்து நடந்தாற் கால் இடறும்.

இந்நடையின் அமைப்பு பாராட்டத்தக்கது. இங்கே கேட்பதும் செயற்படுவதும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. அவசரப்படுபவர் இடறுவார், இடறாதிருக்க நிதானம் வேண்டும், நிதானித்தபோதே சூழலைக் கேட்க முடிகின்றது. கேட்டல் என்பது வெறுமனே பெற்றுக்கொள்ளல் அன்று, அதுவும் ஒரு செயலே என்பதைக் கட்டைவிரல்களின் வழியே உணர்த்தியமை இப்படைப்பின் சாதனை.

ஆனால் உள்ளடக்கத்தை நோக்குமிடத்து, 1924ஆம் ஆண்டின் சுரங்கமே திரும்பிவந்திருப்பது தெரிகின்றது. காண முடியாமைக்குக் காரணம் இருள். இருளுக்குப் பொருள் சாவு. பார்வையுள்ளவருக்கு இது ஹெட்போனைக் கழற்றியதும் விடிந்துவிடும் ஓர் இரவு. பார்வையற்றவருக்கோ, தாம் நாள்தோறும் வாழும் நிலையே இறந்தோர் உலகமாகத் தீட்டப்பட்டிருக்கின்றது. திகிற்சுவை எல்லோருக்கும் பொதுவன்றோ, விழிப்புலனற்றோரும் இதனை விரும்பி ஆடினரே என வாதிக்கலாம். அது உண்மையே. திகில் இங்கே குற்றமன்று. பார்வையின்மை ஒன்றையே திகிலின் ஊற்றாகக் கொள்வதுதான் குற்றம். அவ்வாறு கொள்ளும்போது படைப்பின் மையத்தில் நிற்பவர் பார்வையை இழக்க அஞ்சும் ஒருவரேயன்றி, பார்வையின்றி வாழ்பவர் அல்லர்.

இப்படைப்பை அறிமுகஞ் செய்தோருட் சிலர், செவிவழி விளையாட்டே இதனோடு தோன்றியதுபோல் வியந்தனர். விழிப்புலனற்றோருக்கென ஜி.எம்.ஏ. கேம்ஸ் வெளியிட்ட 'ஷேட்ஸ் ஒவ் டூம்', ஒலியை மட்டுங்கொண்டு நடந்தும் போரிட்டும் ஆடும் முறையை 2001இலேயே கையாண்டிருந்தது. சிறு குழுவினரிடையே வழங்கிய ஒரு மரபு, பெருஞ்சந்தையின் கண்ணிற் படும்வரை வரலாறாக எண்ணப்படவில்லை. எது புதுமை என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா இலக்கிய வரலாற்றுக்கு மாத்திரம் உரியதன்று.

பகலில் ஓர் உலகம்

கனடாவின் ஃபோலிங் ஸ்குவிறல் நிறுவனம் 2021இல் வெளியிட்ட 'த வேல்: ஷடோ ஒவ் த கிறவுண்' மேற்கூறிய இரண்டினதும் குறைகளை ஓரளவு நிவர்த்தி செய்ய முயல்கின்றது. இதன் தலைவி அலெக்ஸ் என்னும் பார்வையற்ற இளவரசி. எல்லைப்புறக் கோட்டைக்கு அனுப்பப்படும் வழியில் அவளது பரிவாரம் தாக்கப்படுகின்றது. அவள் நெடுந்தூரம் நடந்து நாடு திரும்பவேண்டும். கனடிய விழிப்புலனற்றோர் நிறுவனத்தின் ஆலோசனையோடு இது ஆக்கப்பட்டது.

இக்கதையில் யாரும் விளக்கை அணைக்கவில்லை. சந்தையும் காடும் பகலிலேயே இருக்கின்றன. தலைவி கேட்கும் உலகமே ஆடுவோர் கேட்கும் உலகம். ஆதலாற் காட்சியின்மை ஒரு விபத்தாக அன்றி ஒரு பாத்திரத்தின் நோக்குநிலையாக அமைகின்றது. புனைகதையில் நோக்குநிலை ஆற்றும் பணியை இங்கே ஒலியமைப்பு ஆற்றுகின்றது. சண்டைகளில் எதிரி இடம், முன், வலம் என்னும் திசைகளிலிருந்து வருவான். ஒலிவரும் திசையிற் கேடயத்தைத் திருப்பி, பின் தாக்கவேண்டும். திசைகளை இவ்வாறு குறைத்தமை முன்பின் மயக்கத்துக்கு நல்ல பரிகாரம்.

குறைகளும் இல்லாமலில்லை. தெரிவிக்க வேண்டியவற்றுட் பெரும்பகுதியை உரையாடலே சுமக்கின்றது. பரந்த உலகம் சண்டை தொடங்கியதும் மூன்று திசைகளாகச் சுருங்கிவிடுகின்றது. பார்வையற்றவர் போர்த்திறத்தில் அசாதாரணராக விளங்கினாலே தலைமைப் பாத்திரமாகலாம் என்ற பழைய வீரக்கதை மரபிலிருந்தும் இது முற்றாக விடுபடவில்லை. சாதாரண மனிதரொருவர் சாதாரண நாளொன்றைச் செவியால் வாழ்ந்துகாட்டும் படைப்பு இம்மூன்றனுள் எதுவுமன்று.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, ஈனோவின் படைப்பு சமநிலையைக் கண்டது, செயலை இழந்தது. 'பப்பா சங்ரே' செயலைக் கண்டது, இருளைச் சாக்காக்கியது. 'த வேல்' சாக்கினைக் கைவிட்டது, ஆயினும் அசாதாரணத்தைத் துணைக்கழைத்தது. இவற்றை வெறும் தொழினுட்ப வளர்ச்சியின் படிகளாகக் கொள்ளல் பொருந்தாது. திசைகாட்டும் ஒலியைத் துல்லியமாக்கக் கணினி போதும். அவ்வொலியுலகில் யார் அந்நியர், யார் உரியவர் என்பதைக் கணினி தீர்மானிக்காது.

உயிர்களின் அறிவை வகுத்த தொல்காப்பியம் கண்ணறிவை நான்காவதாகவும் செவியறிவை ஐந்தாவதாகவும் எண்ணிற்று. அவ்வைப்புமுறைக்குத் தரும் விளக்கம் எதுவாயினும், காண்டலே முழுமை, கேட்டல் அதன் எச்சம் என்னும் எண்ணம் மாற்றமுடியாததன்று என்பதை அது நினைவூட்டுகின்றது. செவிவழி விளையாட்டு இன்னும் இளமையானது. விளக்கு அணைந்துவிட்டதென்று கூறாமலே கேட்போரை அழைக்க அது முழுமையாகக் கற்றுக்கொள்ளும்போது, பார்வையுள்ளோர் அதனுட் புகுவது இருளில் அகப்பட்டவர்களாக அல்ல. பிறரது வீட்டுக்கு அழைக்கப்பட்டுச் சென்ற விருந்தினராகவே.