கறுப்பு கோட்டுக்கு ஒரு விளம்பரப் படம்

சங்கரன்கோவிலில் உட்கார்ந்து உள்ளூர் கேபிள் சேனலைப் பத்து நிமிஷம் பாருங்கள். ஜவுளிக் கடை, நகைக் கடை, மூட்டுவலி ஆஸ்பத்திரி, ரியல் எஸ்டேட்... எல்லாம் வரும். வக்கீல் மட்டும் வரமாட்டார்.

வரக் கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 36-வது விதி. நேரடியாகவும் கூடாது, சுற்றி வளைத்தும் கூடாது. ஆபீஸ் வாசலில் தொங்கும் போர்டுகூட அளவான சைஸில்தான் இருக்கணும். எந்த வகை வழக்கில் கெட்டிக்காரர் என்று அதில் எழுதக் கூடாது. ஆனால், 2008-ல் ஒரு சலுகை கொடுத்தார்கள்: வெப்சைட்டில் அதைப் போட்டுக்கொள்ளலாம்! கம்ப்யூட்டரில் சொன்னால் தகவல், வாசலில் சொன்னால் தப்பு.

சரி, விதியை மதிக்கிறார்களா? ஆடித்தபசு சமயத்தில் தெருவைப் பாருங்கள். பக்தர்களை வரவேற்கும் பிளக்ஸில் கறுப்பு கோட்டும் வெள்ளைப் பட்டையுமாகக் கும்பிடுகிறவர், சும்மா பக்தியிலா கும்பிடுகிறார்?

2025 மார்ச்சில் ஒரு மும்பை சட்ட நிறுவனத்துக்காக நடிகர் ராகுல் போஸ் ஒரு வீடியோவில் தோன்றினார். இன்ஸ்டாகிராமில் ஓடியது. வக்கீல்கள் மத்தியில் ஒரே சலசலப்பு. சினிமாக்காரர்களை வைத்து விளம்பரம் செய்தால் நடவடிக்கை என்று மார்ச் 17-ம் தேதி பார் கவுன்சில் எச்சரித்தது. அதற்கு முந்தைய வருஷம் ஜூலையில் நம்ம சென்னை ஹைகோர்ட்டும் இதைத்தான் சொன்னது: வக்கீல் தொழில் வியாபாரமல்ல, வக்கீல்களுக்கு ஸ்டார் ரேட்டிங், பிராண்ட் எல்லாம் சமூகத்துக்குக் கேடு.

பிராண்ட் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ராத்திரி டி.வி-யில் 'ஆக்ஸிடென்ட்டா? கூப்பிடு என்னை!' என்று போன் நம்பரைக் கத்துகிற அமெரிக்க வக்கீல்களைப் பார்த்தால், ஜட்ஜுகளின் பயம் புரிகிறது. ஆனால், அந்தக் கத்தலுக்கு வழி திறந்துவிட்ட முதல் விளம்பரம் எப்படி இருந்தது தெரியுமா?

1976-ல் அரிஸோனாவில் பேட்ஸ், ஓஸ்டீன் என்று இரண்டு இளம் வக்கீல்கள் பேப்பரில் கொடுத்த விளம்பரம் அது. நடிகர் இல்லை, வசனம் இல்லை. கிட்டத்தட்ட ஹோட்டல் விலைப்பட்டியல்தான். தகராறு இல்லாத விவாகரத்துக்கு 175 டாலர், பெயர் மாற்ற 95 டாலர், கோர்ட் கட்டணம் தனி. வக்கீல் சங்கம் பாய்ந்தது. மறு வருஷம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5-க்கு 4 என்ற கணக்கில் விளம்பரத்தின் பக்கம் நின்றது.

பி.காம். படித்தவனுக்கு இந்த விளம்பரம்தான் பிடிக்கும். வக்கீல் விளம்பரம் என்றால் இதுதான் விளம்பரம்! சினிமா நடிகர் கம்பீரமாக நடந்து வருவதில் கட்சிக்காரனுக்கு என்ன லாபம்? அவனுக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம்: இந்தக் கேஸுக்கு யார், எவ்வளவு? நம்ம விதி கத்தலோடு சேர்த்து அந்த இரண்டையும் தடுத்துவிட்டது.

விளைவு? வரப்புத் தகராறில் மாட்டிக்கொண்டவர் டீக்கடையில் கேட்கிறார்: "அண்ணாச்சி, ஒரு நல்ல வக்கீலா சொல்லுங்களேன்." அண்ணாச்சி ஒருத்தரைக் காட்டுவார். அந்த ஒருத்தர் வக்கீலாகவும் இருக்கலாம், புரோக்கராகவும் இருக்கலாம். 1879-ம் வருஷச் சட்டத்திலேயே இந்த புரோக்கர்களைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். 2023-ல் வக்கீல்கள் சட்டத்தைத் திருத்தி, இவர்களுக்கான பிரிவை அதற்குள் கொண்டுவந்தார்கள். மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்நூறு ரூபாய்!

ஒரு விளம்பரத்துக்கு மட்டும் எந்த விதியும் குறுக்கே நிற்காது. இலவச சட்ட உதவி. 1987-ம் வருஷச் சட்டப்படி பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. மக்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இவர்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே வக்கீல் கொடுக்கணும். ஹெல்ப்லைன் நம்பர் 15100. ஒரு விசைத்தறிக் கூடம், தறிச் சத்தம், தறி ஓட்டுகிற அக்கா, திரையில் அந்த நம்பர். முப்பது செகண்ட் போதும். ஜவுளிக் கடை விளம்பரத்துக்கும் நகைக் கடை விளம்பரத்துக்கும் நடுவில் போடச் சொல்லுங்கள்.