சயாமிலிருந்து திரும்பிய இருவர்

ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற பெயரைச் செங்கம் சாலையில் நடமாடும் வெளிநாட்டார்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. இந்த ஊர்க்காரர்களுக்குத்தான் தேவை. லண்டனில் 1906-இல் பிறந்து, ஆக்ஸ்போர்டில் படித்து, சிலகாலம் போலந்தில் இருந்துவிட்டு, பாங்காக்கில் சூலாலங்கார்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலம் போதிக்கப் போனவர். 1941-இல் மனைவியும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலைக்கு வந்து தங்க, அவர் மட்டும் வேலைக்குத் திரும்பினார். அந்த டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை சயாமில் இறங்கியது. யுத்தம் முடிகிறவரை பாங்காக் முகாமில் அடைபட்டுக் கிடந்தார். கைக்குழந்தைப் பருவம் தாண்டிய அவருடைய பையன், அப்பாவைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பும்படி ரமணரிடம் கேட்டான், அவரும் தலையசைத்தார் என்று ஆச்ரமத்தில் சொல்வார்கள். 1945-இல் அப்பா திரும்பி வந்தார். ரமணரைப் பற்றி இங்கிலீஷில் பரவலாக வாசிக்கப்பட்ட வரலாற்றை எழுதினார். 1964-இல் 'மௌன்டன் பாத்' பத்திரிகையை ஆரம்பித்தார். 1970-இல் இறந்தார். தன்வரலாறு அச்சேறியது 2001-இல்.

அந்தத் தன்வரலாற்றில் முகாம் பற்றிய பகுதிக்காகத்தான் நான் ஆவலோடு காத்திருந்தேன். ஆனால் ஆஸ்பர்ன் யுத்தக் கைதியின் கதையை எழுத முற்படவே இல்லை. சிறைக்காலம் அவருக்கு ஒரு சாதனைக்காலம். வெளியே எல்லாம் பறிபோன இடத்தில் உள்ளே என்ன மிஞ்சுகிறது என்பதே விசாரணை. முள்வேலியும் பசியும் அந்த விசாரணைக்கு ஒரு பின்திரை, அவ்வளவுதான். இதில் பொய் இல்லை. படிக்கும்போது மனம் தாழ்ந்து போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவது அவரோடு ஒரு சச்சரவு. அல்லது அவரை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு 'மனவலிமை' என்ற சொல்லை நாணயம்போலச் செலவழிக்கிறவர்களோடு சச்சரவு.

எங்கள் குடும்பத்திலும் ஒருவர் சயாமிலிருந்து திரும்பினார். என் ஆயாவின் அண்ணன். நான் பார்த்ததில்லை. பேச்சில் 'மலேயா தாத்தா'. திருவண்ணாமலை அப்போது வடஆற்காடு ஜில்லா. மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த ஜில்லாக்களில் அது முக்கியமானது. ஏரி வறண்ட ஒரு வருஷத்தில் கங்காணியோடு கப்பல் ஏறினவர், 1946-இல் ஒரு தகரப்பெட்டியோடு வந்து இறங்கினார். போன கதையையும் வந்த கதையையும் யாருக்கும் சொல்லவில்லை. ஆயாவுக்கு ஞாபகம் இருந்தது ஒன்றே ஒன்று.

"எங்கண்ணா மூணு கொதி கொதிக்காத தண்ணிய தொடமாட்டாருடா. தீபத்தன்னிக்கு ஊரெல்லாம் தண்ணிப் பந்தல் போட்டிருப்பாங்க, மோர் குடுப்பாங்க, பானகம் குடுப்பாங்க. இவரு மட்டும் சொம்புல வீட்டுத் தண்ணி எடுத்துக்கினு மலைய சுத்துவாரு. மலேயா சீமான் வராருன்னு சிரிப்பாங்க."

அந்தச் சொம்பை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருஷங்கள் பிடித்தன. சயாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். இங்கிலீஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கக் கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை செய்தார்கள். 12,000-க்கு மேல் செத்தார்கள். ஐந்தில் ஒருவர். ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000-க்குக் குறையாது என்கிறார்கள். செத்தவர் 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஏறக்குறையப் பாதி. மலேயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். யுத்தத்தால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் கூலியும் அரிசியும் நின்றுபோன சமயம். முதலில் கூலி ஆசை காட்டினார்கள். பிறகு பிடித்தே கொண்டுபோனார்கள். மூடிய சரக்கு வண்டிகளில் பான்போங் வரை. அதற்கப்புறம் காட்டில் நடை.

நான் பாங்கில் குமாஸ்தா. இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது தொழில் தோஷம். ஒரு பக்கம் ஐந்தில் ஒன்று, இன்னொரு பக்கம் இரண்டில் ஒன்று. ஒரே காடு, அதே மழை, அதே 1943-இன் வாந்திபேதி, அதே ஜப்பானிய எஞ்சினீயர்களின் அவசரம். பிழைத்தவன் மனவலிமையால் பிழைத்தான் என்றால், தமிழனுக்கு மனவலிமை பாதியா? இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்டாலே அந்த வாக்கியத்தின் ஆபாசம் தெரிந்துவிடும்.

வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. கைதிகள் ஒரு ராணுவமாகவே சிறைப்பட்டவர்கள். அவர்களுக்குள் டாக்டர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியல் இருந்தது. மருந்து இல்லை, ஆனால் உத்தரவு இருந்தது: கக்கூஸை ஆற்றிலிருந்து தள்ளித் தோண்டு, கொதிக்காத தண்ணீரைக் குடிக்காதே, சாப்பிடுமுன் தகரத்தட்டைக் கொதிநீரில் முக்கு. தோட்டத்திலிருந்து பெண்டு பிள்ளைகளோடு வந்து விழுந்த கூட்டத்துக்கு இதைச் சொல்ல ஆளில்லை. சொன்னாலும் நிறைவேற்ற அமைப்பில்லை. கங்காணியும் கிராணியும் தோட்டத்தில் வேலை வாங்கத் தெரிந்தவர்கள், உயிர் காப்பாற்ற அல்ல. அப்பா ஒரு தடவை சொன்னார்: ஆற்றின் மேல்பக்கம் இருந்த வெள்ளைக்காரர் முகாமில், நாள் முழுக்க மூங்கிலை எரித்து ஒரு இரும்புக் கொப்பரையில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்குமாம். மலேயா தாத்தா பார்த்துக் கற்றுக்கொண்டது அதைத்தான். வீரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஒரு வேவு, ஒரு தகரக் குவளை, கொஞ்சம் விறகு.

நம்மிடையே பிழைத்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் விக்டர் ஃபிராங்க்லை எடுத்துக்கொள்கிறார்கள். அர்த்தம் தெரிந்தவன் எதையும் தாங்குவான் என்கிற அந்த வைத்தியரை. பிரைமோ லெவியை எடுப்பவர்கள் குறைவு. லெவி தன் கடைசிப் புத்தகங்களில் ஒன்றில், 1986-இல், பிழைத்து வந்த தன்னைப் போன்றவர்கள் உண்மையான சாட்சிகளே அல்ல என்று சொல்லிவிட்டார். முழுசாகப் பார்த்தவன் திரும்பி வரவில்லை. இதைப் படித்தபிறகு எந்தப் பிழைத்தவனின் கதையையும் பழைய நிம்மதியோடு படிக்க முடிவதில்லை. ஆஸ்பர்னைக் கூட.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். குவாய் நதிப் பாலத்தை 1957-இல் இலங்கையில், கித்துல்கலையில் எடுத்தார்கள். அங்கே பிரச்னை ஒரு வெள்ளை அதிகாரியின் கௌரவம். மூலநாவலை எழுதிய பியர் பூல் மலேயா ரப்பர்த் தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர். தமிழ்க் கூலியின் முகம் அவருக்குத் தெரியாததல்ல.

நம் எழுத்தில் என்ன இருக்கிறது? ப.சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. அந்தக் கடலும் அந்த யுத்தமும் தமிழில் பிரக்ஞையாக மாறியது அதில் மட்டும்தான் என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் அது வட்டிக்கடை அடுத்தாள்களின், கணக்கெழுதுகிறவர்களின் உலகம். கணக்கெழுதுகிறவனுக்குத்தான் கதையும் எழுத வருகிறது (என்னையும் சேர்த்தே கேலி செய்துகொள்கிறேன்). பாண்டியனுக்கு ஒரு மனம் இருக்கிறது. மதுரைத் தெருக்கள் அதில் ஓடுகின்றன, கிண்டல் இருக்கிறது, தனிமை இருக்கிறது. ரயில்பாதைக் கூலிக்கு இப்படி ஒரு மனத்தை யார் கொடுத்தார்கள்? மலேசியாவில் ஆர்.சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ.ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். இவை இல்லாவிட்டால் நம்மிடம் ஒன்றுமே இருந்திருக்காது. இந்த நன்றியை முதலில் பதிவு செய்கிறேன். ஆனாலும் படைப்பு என்ற தளத்தில் எனக்குத் திருப்தி இல்லை. அனுபவத்தின் கனமே போதும் என்று நம்பி பாஷை ஒதுங்கி நின்றுவிடுகிறது. உடம்புகள் விழுகின்றன, நாம் பதைக்கிறோம். விழுகிறவன் அதற்கு முந்தின நிமிஷம் எதை நினைத்தான் என்ற இடத்தில் நாவல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கூலியின் துன்பம் எப்போதும் கூட்டத்தின் துன்பமாகவே இருக்கிறது. தனியாக இருக்கும் உரிமையை இலக்கியமும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

ஆக, பாங்காக்கில் அடைபட்டவருக்கு உள்மனம் மட்டும். அங்கிருந்து மேற்கே காட்டில் கிடந்தவனுக்கு உடம்பு மட்டும். இந்தப் பங்கீட்டை நான் ஒப்புக்கொள்ள மறுக்கிறேன். ஆஸ்பர்னுக்கும் வயிறு இருந்தது, மலேயா தாத்தாவுக்கும் விசாரணை இருந்திருக்கும். மூன்று கொதி என்று எண்ணிக்கொண்டு அடுப்பின்முன் உட்கார்ந்திருந்த மனிதர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நம்மிடம் ஒரு வரி கூடக் கிடையாது. காஞ்சனபுரி யுத்தக் கல்லறையில் ஏறக்குறைய 7,000 கல், பெரும்பாலானவற்றில் பெயர், படைப்பிரிவு, வயது. கூலிகளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. பட்டியல் இல்லாததால் பெயரும் இல்லை.

எழுத நானே முயன்றேன். இரண்டு வருஷமாக ஒரு கதை கிடக்கிறது. அடுப்பு வருகிறது, மூங்கில் வெடிக்கிற சத்தம் வருகிறது, ஆற்றின் மேல்பக்கப் புகை வருகிறது. அவர் வாயைத் திறந்தால் என் குரல் வந்துவிடுகிறது, பி.ஏ. இங்கிலீஷ் படித்த குரல். கிழித்துவிடுகிறேன்.

ஆஸ்பர்ன் சமாதி இங்கே அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் இருக்கிறது. ஆயாவின் அண்ணனை ஈசான்யத்தில் எரித்தார்கள். கடைசி நாளில் வாயில் கங்காஜலம் ஊற்றப் போனபோது ஆயா தடுத்து, அடுப்பில் வைத்துக் கொதிக்க வைத்துத்தான் கொடுத்தாளாம். புரோகிதருக்குக் கோபம்.