சம்பளம் நீங்கலாக

கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் பட்டுக்கடை விளம்பரங்களோடு, உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும் ‘நாக்’ குழுவின் தர எழுத்துகளும் போட்டி போட ஆரம்பித்துவிடும். ஏ, ஏ பிளஸ், ஏ பிளஸ் பிளஸ். அதன் கீழே ‘வளாகம் முழுக்க வைஃபை’ என்று ஒரு வரி. அதே வளாகத்தில் கட்டணம் கட்டக் கடைசி நாளில் சர்வர் படுத்துக்கொள்வதைச் சொன்னால், தரச்சான்றின் ஆதரவாளர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: “நாக் வந்த பிறகுதானே கம்ப்யூட்டரே வந்தது? பராமரிப்புக்குக்கூடத் தனி மதிப்பெண் இருக்கிறதே.”

முதல் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சான்றிதழுக்காகக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலுள்ள கூரத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பாக்கத்துக்குப் பஸ் ஏறி, ஜன்னல் ஜன்னலாக நின்ற காலம் திரும்ப வேண்டாம். ஊரில் இருந்தபடியே ‘ஷோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடுகளைப் படிக்க முடிவது சாதாரண விஷயமில்லை. மேம்படுத்தலே இல்லாத வளாகம் இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

என் சண்டை இரண்டாம் பாதியோடு. நாக் கையேட்டின் நான்காவது அளவுகோல் உள்கட்டமைப்பைப் பற்றியது. எத்தனை மாணவருக்கு ஒரு கணினி, இணைய வேகம் எவ்வளவு, கணினி வசதிகளைப் புதுப்பிக்கிறீர்களா என்றெல்லாம் கேட்கிறது. வருடத்தில் எத்தனை மணி நேரம் எல்லாம் நின்றுபோனது என்று கேட்பதில்லை. பராமரிப்புக்கான கேள்வி 4.4.1. கடந்த 5 ஆண்டுகளில் பராமரிப்புக்குப் போனது செலவில் எத்தனை சதவீதம் என்பது கேள்வி. கூடவே ஒரு நிபந்தனை: சம்பளம் நீங்கலாக.

கட்டடத்துக்கு இது நியாயம். சம்பளத்தையும் சேர்த்தால் எல்லாக் கல்லூரியும் அதையே பராமரிப்பு என்று காட்டிவிடும். ஆனால் கணினி சுவர் இல்லை. சுண்ணாம்பு அடித்துவிட்டு ஐந்து வருடம் மறந்திருக்க முடியாது. சர்வருக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைப் போட வேண்டும். காலாவதியாகப் போகும் எஸ்.எஸ்.எல். சான்றிதழை முன்கூட்டியே புதுப்பிக்க வேண்டும். விலகிப்போன ஊழியரின் கணக்கை முடக்க வேண்டும். எடுத்துவைத்த பேக்கப் உண்மையிலேயே திரும்பி வருகிறதா என்று அவ்வப்போது இறக்கிப் பார்க்க வேண்டும். இதில் எதற்கும் சாமான் வாங்கிய பில் கிடையாது. ஒரு மனிதர் உட்கார்ந்து கவனிக்கும் நேரம்தான் செலவு முழுவதும். அந்த மனிதரை நீக்கிவிட்டுப் பராமரிப்பை அளந்தால் மிஞ்சுவது யு.பி.எஸ். பேட்டரியும் ஏ.சி. கேஸும்தான்.

இன்னொரு விபரீதமும் உண்டு. இதே வேலையை வெளி நிறுவனத்துக்கு ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) விட்டால் அந்த பில் பராமரிப்புச் செலவாகக் கணக்கில் ஏறும். சொந்த ஆள் செய்தால் ஏறாது. ஆள் போடாதே, ஒப்பந்தம் போடு என்று அளவுகோலே காதில் ஓதுகிறது. தொகுப்பூதியத்தில் இருக்கும் லேப் அசிஸ்டென்ட்டே சர்வரையும் பார்த்துக்கொள்வது நம் கல்லூரிகளில் புதுமையில்லை. அவர் வேறு வேலை கிடைத்துப் போகும்போது கடவுச்சொற்களும் கூடவே போய்விடும்.

இதைவிடத் தெளிவாக யோசித்தவர்கள் கூரத்திலேயே இருந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த கூரம் செப்பேடு ஒரு கிராமத்தை 25 பங்காகப் பிரிக்கிறது. பெரும்பகுதி வேதம் கற்ற பிராமணர்களான சதுர்வேதிகளுக்குப் போனது. பிறப்பு பார்த்துப் பிரித்த அந்த ஏற்பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கோயிலைக் கட்டியதோடு நிறுத்தாமல், பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும், மண்டபத்துக்குத் தண்ணீரும் தீயும் கொடுப்பதற்கும், அங்கே பாரதம் வாசிப்பதற்கும் பங்குகள் எழுதியிருக்கிறார்கள். வேலையைச் செய்கிறவர் அந்தப் பங்கில் சாப்பிடுவார். வாசிப்பு நடக்க வேண்டுமென்றால் மண்டபத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், தண்ணீர் இருக்க ஆள் வேண்டும், ஆளுக்குப் பிழைப்பு வேண்டும். கல்வியும் பராமரிப்பும் ஒரே பட்டயத்தில், அடுத்தடுத்து. செப்பேட்டை எழுதியவரை நாக் குழுவில் போட்டிருந்தால் 4.4.1 வேறு மாதிரி இருந்திருக்கும்.

பங்கு கொடுக்காத ஆள் எப்போது ஞாபகத்துக்கு வருகிறார் என்பதற்குத் தில்லி எய்ம்ஸ் ஓர் உதாரணம். 2022 நவம்பர் 23 அன்று அங்கே சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதலில் முடங்கின. நாட்டின் தலையாய மருத்துவக் கல்வி நிலையம் இரண்டு வாரம் போலக் காகிதத்தில் ஓடியது. வலையமைப்பை முறையாகப் பிரித்துவைக்காததே காரணம் என்று பிறகு அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. பல வருடமாகச் செய்யாமல் விட்ட வேலை அது. சில நாட்களிலேயே நடந்த காரியம், கணினிப் பிரிவில் இரண்டு பேரைப் பணியிடைநீக்கம் செய்தது.

நிறுவனத்திடம் விட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லையே, அவர்கள் நிபுணர்களாயிற்றே என்பார்கள். கியோத்தோ பல்கலைக்கழகம் அப்படித்தான் நம்பியது. அதன் சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் நிரலை, அந்தக் கணினியை வழங்கிய எச்.பி.இ. நிறுவனம் திருத்தியது. நோக்கம் நல்லதுதான், நிரல் படிக்க எளிதாக இருக்கட்டும் என்று. ஓடிக்கொண்டிருந்த நிரலின் மேலேயே புதியதைப் போட்டுவிட்டார்கள். பழைய பதிவுக் கோப்புகளை அழிக்க வேண்டியது ஆய்வுக் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. 2021 டிசம்பரில் 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களுடையவை, போயின. நான்கு குழுக்களுக்கு இழந்தது மீளவே இல்லை. நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்று மன்னிப்புக் கேட்டது, அதில் குறையில்லை. ஆனால் அழிந்தது பழுதில் இல்லை, மேம்படுத்தலில். திருத்தம் ஏறும் நேரத்தில் ‘கொஞ்சம் நில்’ என்று சொல்லப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஓர் அதிகாரம் வேண்டும். அந்த அதிகாரத்தை ஏ.எம்.சி.யில் எழுதி வாங்க முடியாது.

2024 ஜனவரியில் நாக் தன் முறையையே மாற்றுவதாக அறிவித்தது. எழுத்துத் தரம் போய், அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை என்ற முறை வரும் என்றது. எழுத்து போனால் பிளெக்ஸ் பலகைக்காரர்களுக்கு நஷ்டம். வேறு என்ன மாறும் என்பது கேள்விப் படிவத்தைப் பொறுத்தது. மூன்று கேள்விகள் போதும் எனக்கு. கடந்த வருடம் சேவைகள் மொத்தம் எத்தனை மணி நேரம் நின்றன? பேக்கப்பை இறக்கிச் சோதித்த கடைசித் தேதி என்ன? அதைச் செய்தவர் நிரந்தரப் பணியில் இருக்கிறாரா, அவருக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள்?