மருமகன் வம்சம்

‘முகலாயர் யார்?’ என்பது இப்போது வரலாற்றுக் கேள்வியாகக் கேட்கப்படுவதில்லை. குடியுரிமை விசாரணையாகவே கேட்கப்படுகிறது. 1992இல் பாபர் மசூதியை இடித்தவர்கள் அண்டை வீட்டு முஸ்லிமைப் ‘பாபரின் பிள்ளைகள்’ என்றே ஏசினார்கள். 2023இல் பன்னிரண்டாம் வகுப்புக்கான என்.சி.இ.ஆர்.டி. பாடநூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் நீக்கப்பட்டது. மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டால் ஆளின் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்ற ஒரே நம்பிக்கைதான் இரண்டிலும் இயங்குகிறது.

சரி, மூலத்தையே பார்த்துவிடுவோம். ‘முகல்’ என்பது ‘மங்கோல்’ என்பதன் பாரசீக வடிவம். அது அந்த வம்சம் தனக்கு வைத்துக்கொண்ட பெயரல்ல, மற்றவர்கள் ஒட்டியது. தந்தை வழியில் பாபர் தைமூரின் வாரிசு. தைமூரின் பர்லாஸ் குலம் மங்கோலிய வேருடையது என்றாலும், அவர் காலத்திற்குள் துருக்கி மொழி பேசி இஸ்லாத்துக்குள் வந்துவிட்டிருந்தது. பாபரின் தாய் குத்லுக் நிகார் கானம், செங்கிஸ்கானின் இரண்டாம் மகன் சகதாயின் வழிவந்தவர். ஆனால் பாபர் தன் வரலாற்றில், தாய்மாமன் வீட்டு மங்கோலியப் படையாட்களைக் கலகக்காரர், கொள்ளைக்காரர் என்றே திட்டுகிறார். அவர் வெறுத்த பெயரிலேயே அவருடைய வம்சத்தை நாம் அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

செங்கிஸின் ஆண்வழியில் பிறக்காதவன் ‘கான்’ ஆக முடியாது. எனவே தைமூர் அவ்வழிப் பெண்ணை மணந்து ‘குர்கான்’, அதாவது மருமகன், என்று பட்டம் சூட்டிக்கொண்டார். டெல்லி முதல் சமர்கந்து வரை நடுங்க வைத்தவருக்கும் மாமனார் வீட்டு விலாசம் தேவைப்பட்டிருக்கிறது! அக்பரின் அவையில் அபுல் ஃபசல் இன்னும் பின்னே போய், ஒளியால் கருவுற்ற ஆலங்குவா என்ற மங்கோலிய மூதாயைக் கொண்டுவந்து நிறுத்தினார். நம் சோழர் சூரிய குலம், பாண்டியர் சந்திர குலம் என்று மெய்க்கீர்த்தி பாட வைத்ததும் இதே வேலைதானே? மூலம் கண்டெடுக்கப்படுவதல்ல, அதிகாரத்தின் தேவைக்கேற்ப நெய்யப்படுவது.

எங்கள் ஐயம்பேட்டைத் தறிமேடையில் இதைச் சொன்னால், “அதெல்லாம் இருக்கட்டுங்க, வரதரையே காட்டுக்குத் தூக்கிட்டு ஓட வெச்சவன்தானே மொகலாயன்?” என்பார்கள். பொய்யில்லை. 1688இல் அவுரங்கசீப்பின் படைக்கு அஞ்சி, காஞ்சி வரதராஜரின் திருமேனி உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. ஆபத்து நீங்கிய பின் திருப்பித்தர மறுத்தவர் உடையார்பாளையத்துப் பாளையக்காரர். ஜீயர் வேண்டிக்கொள்ள, 1710இல் வீரர்களோடு போய் மீட்டுவந்தவர் லாலா தோடர்மால். முகலாயர் பெயரால் ஆண்ட கர்நாடக நவாப் சாதத்துல்லா கானின் அதிகாரி. மீட்ட செய்தியைக் கோவில் கல்வெட்டே சொல்கிறது. துரத்தியது பேரரசின் படை, மீட்டது அதே பேரரசின் அதிகாரம், தடுத்தது உள்ளூர் இந்து அதிகாரம். இதில் ‘அந்நியர்’ யார்?

‘துருக்கர்’ என்பது தமிழில் ‘துலுக்கர்’ ஆயிற்று. துருக்கி மொழியில் எழுதிய பாபருக்கு அது ஓரளவு பொருந்தும். தலைமுறை தலைமுறையாகத் தமிழே பேசும் ராவுத்தருக்கும் லெப்பைக்கும் மரக்காயருக்கும் எப்படிப் பொருந்தும்? ஒரு சொல்லாலேயே அவர்களை வெளியாள் ஆக்கிவிட்டோம்.

பேரரசு மக்களைச் சுரண்டியது என்றால் அதைப் பேசுவோம். எந்தக் குடியானவன் எவ்வளவு கட்டினான், யார் தின்றார்கள் என்று கேட்போம். ஆனால் மூலம் தேடும் ஆட்கள் அங்கே மட்டும் வருவதில்லை. தாலுகா, தாசில்தார், வசூல், ஜமாபந்தி என்று அந்த ஆட்சிமொழியின் சொற்கள் இன்றும் நம்மிடம் வரி கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை இடிக்க யாரும் கடப்பாரை தூக்கிக்கொண்டு வரவில்லை.