புகையின் நிறம் போதுமா?

ஆயில் எஞ்சின் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் தவறாமல் ஒரு சூத்திரம் காதில் விழும். கரும்புகை வந்தால் எரிபொருள் மிகை. நீலப்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. வெண்புகை வந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் கசிகிறது. ஆனைமலைத் தென்னந்தோப்பில் நீர் இறைக்கும் எஞ்சினுக்கும், கடலில் செல்லும் பாய்மரப் படகின் துணை எஞ்சினுக்கும் இதே பாடந்தான். மனப்பாடம் செய்ய எளிது. ஆனால், பௌதிகத்தின் உரைகல்லில் இது எவ்வளவு தேறும்?

முதலில் கருமை. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரியச் சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும். அது கிட்டாதபோது எரியாத கார்பன் கரித்துகளாக வெளிவருகிறது. எல்லா நிற ஒளியையும் அது உட்கவர்வதால் புகை கறுக்கிறது. இதுவரை சூத்திரம் சரியே. ஆனால், எரிபொருள் மிகையானாலும் காற்று குறைந்தாலும் விளைவு ஒன்றுதான். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். சைலன்சரில் கரி படிந்திருக்கலாம். படகிலோ, புகையோடு கடல்நீரைக் கலந்து குளிர்விக்கும் வளைகுழாய் ஒன்று உண்டு. உப்பும் கரியும் அதை அடைத்தால் பின்னழுத்தம் ஏறும். பழைய புகை முழுதும் வெளியேறாது. புதுக் காற்றுக்கு இடம் இராது. இதைப் பாராமல் இன்ஜெக்டரைக் கழற்றினால் பணந்தான் விரயம்.

நீலமும் வெண்மையும் இன்னும் நுட்பமானவை. ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள், சிவப்பைவிட நீலத்தை நாலு மடங்குக்கும் மேலாகச் சிதறடிக்கும் என்பதை 1871இல் ராலே விளக்கினார். பெரிய துளிகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகச் சிதறடிப்பதால் வெண்மை தோன்றுகிறது. ஆகவே, நிறம் முதலில் சொல்வது துளியின் பருமனைத்தான். துளி எதனால் ஆனது என்பதையன்று. எரியாத டீசலும் வெண்புகையாக வரும். மார்கழிக் காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் வருவது பெரும்பாலும் இதுவே, சூடேறியதும் மறைந்துவிடும். மறையாவிட்டால், கண்ணைக் கரிக்கும் டீசல் நெடி இருக்கிறதா, குளிர்விக்கும் நீரின் மட்டம் குறைகிறதா என்று பாருங்கள். படகில் சிறிது நீராவி இயல்பே. அது திடீரெனப் பெருகி, வெளியே கொட்டும் நீரும் குறைந்தால்தான் கவலை.

சூத்திரத்தின் பெருங்குறை அது சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேர்ந்துகொள்ளும். நீர்மட்டம் இறங்கிய கோடையில் கிணற்றுக்குள் எஞ்சினை இறக்கி ஓட்டுகிறவரும், மூடிய படகறையில் உறங்குகிறவரும் "புகையே தெரியவில்லை" என்று நம்பியிருந்தால் உயிருக்கே ஆபத்து.

மூன்று நிறங்களையும் நீங்கள் மறக்க வேண்டியதில்லை. அவற்றை விசாரணையின் முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, பளு ஏறும்போது கூடுகிறதா என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கற்பிக்கும்போதுதான் அந்தப் பாடம் முழுமை பெறும்.