ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய அட்டவணை

சென்ற ஆண்டு ஒரு மொழிபெயர்ப்பு நூல் பிரதி திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டு குடும்பத்தையும் ஒழுங்காக நடத்துவது எப்படி என்பதுதான் விஷயம். நூலின் பெயர் வேண்டாம். அதே மாதிரி பத்துப் புத்தகங்கள் கடையில் இருக்கின்றன, ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்ற ஒன்பதும் தப்பித்துவிடும்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு முனைதான் என் அலுவலகம். சென்னைப் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், பிரதி திருத்துகிறேன். இந்தப் புத்தகத்தைத் திருத்தியது விடியற்காலை நாலரை மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில். ஆறுக்கு மேல் குழாயில் தண்ணீர் வரலாம், அத்தைக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். முதல் அத்தியாயம் சொன்ன முதல் யோசனை: குடும்பம் விழிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எழுந்துவிடுங்கள், அது உங்களுக்கான நேரம். எனக்கான அந்த நேரத்தில்தான் அந்த வரிக்கு ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரதி திருத்துபவளுக்குக் கருத்துக்கு முன்னால் வினைச்சொல்தான் கண்ணில் படும். அந்தப் புத்தகம் முழுக்க 'விடுங்கள்'. இரவே காய்கறியை நறுக்கி வைத்துவிடுங்கள், பருப்பை ஊறப்போட்டுவிடுங்கள், சீருடையை எடுத்து வைத்துவிடுங்கள், கூட்டத்துக்கு முன் குழந்தையைத் தூங்கவைத்துவிடுங்கள். ஒரே பக்கத்தில் பதினொன்று எண்ணினேன். தமிழில் 'விடு' என்ற துணைவினை வேலையை முடித்துக் காட்டும், ஒரே தட்டில் தீர்ந்துபோன மாதிரி ஒரு பாவனையும் தரும். ஊறப்போட்டுவிட்டால் முடிந்தது. அப்புறம் அரைப்பது, கிரைண்டரைக் கழுவுவது, மாவு பொங்கி வழிந்தால் துடைப்பது எல்லாம் அந்த வினைக்குள் காணாமல் போகும். அதே பக்கத்தில் கணவர் வருகிற இடம் ஒன்றே ஒன்று. அங்கே வினை மாறிவிட்டது: 'உதவுவார்'. ஆங்கில மூலத்தில் ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு 'நீங்கள்' இருந்திருக்கும். தமிழுக்கு வந்ததும் அந்த 'நீங்கள்' சேலை கட்டிக்கொண்டது. மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் வீடுகளில் யார் எந்த வினைக்கு எழுவாய் என்று அவர் அறிந்திருக்கிறார்.

இந்த வகை எழுத்துக்கு ஒரு பாட்டி உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற பெண் 1913இல் புதிய இல்லப் பராமரிப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தொழிற்சாலைத் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்த டெய்லரின் முறையை அவர் சமையலறைக்குள் கொண்டுவந்தார். பாத்திரம் கழுவ எத்தனை அடி நடக்கிறோம், எந்த உயரத்தில் குனிகிறோம் என்று அளந்தார். உடம்பு நோகாமல் வேலை செய்வது நல்லதுதானே என்று எனக்கும் தோன்றும். எங்கள் அடுக்களைத் தொட்டியின் உயரத்தில் தினமும் முதுகை வளைப்பவள் நான். ஆனால் தொழிற்சாலையில் அசைவை அளப்பவர் ஒருவர், அசைபவர் இன்னொருவர். வீட்டுக்குள் வந்ததும் இரண்டு பேரும் ஒரே பெண்ணாகிவிட்டார்கள். தன்னைத்தானே மேற்பார்வை பார்க்கிற தொழிலாளி, அதுவும் சம்பளம் இல்லாமல். ஃபிரெடரிக்குக்கு வீட்டில் வேலைக்கு ஆள் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜெர்மனியில் 1926இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையும் இந்த வழியில் வந்ததுதான். இன்றைய அடுக்குமாடி வீட்டு 'மாடுலர் கிச்சன்' அதன் பேத்தி. ஒரு ஆள் நின்று கையை நீட்டினால் எல்லாம் எட்டும். ஒரு ஆள் மட்டுமே நிற்க முடியும் என்பதுதான் அதில் சிக்கல். அதை வடிவமைக்கும் முன் தான் வீட்டு நிர்வாகம் பார்த்ததே இல்லை என்று அந்தக் கட்டடக் கலைஞர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நேர்மையான பேச்சு. நம் டிப்ஸ் ஆசிரியர்களிடம் அதைக்கூட எதிர்பார்க்க முடியாது.

அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' தொகுப்பு 1988இல் வந்தது. தலைப்புக் கதையில் பெரிய குடும்பம், பெரிய வீடு, சமையலறை மட்டும் ஒட்டவைத்த மாதிரி ஒரு மூலையில். கல்லூரியில் அதை வாசித்தபோது இடத்தைப் பற்றிய கதை என்று நினைத்தேன். நாற்பது வயதில் மறுபடி வாசித்தபோது, அந்த இருட்டறைக்குள் பெண்கள் தங்களுக்கென்று கட்டிக்கொள்ளும் அதிகாரம் பற்றிய கதையாகத் தெரிந்தது. எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, யாருக்கு எத்தனை சப்பாத்தி என்பது ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருப்பது ஒரு ராஜ்யம். 'எல்லாம் என் விரல்நுனியில்' என்று வேலைக்குப் போகும் நாம் சொல்லிக்கொள்ளும் பெருமையும் அந்த ராஜ்யத்தின் ஒரு கிளைதான். திட்டமிடல் புத்தகங்கள் விற்பது நம் சிரமத்தால் மட்டும் இல்லை. இந்தப் பெருமையையும் அவை தடவிக்கொடுக்கின்றன.

என் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். பஸ்ஸில் 12 கிலோமீட்டர். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டினார்கள். மெல்லிய மரச்சீவலையும் நீலத்தாளையும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். அம்மா விடியலில் பசை காய்ச்சுவாள். அடிப்பெட்டி, மேல்பெட்டி என்று தனித்தனிக் குவியல். 144 பெட்டி ஒரு குரோசு, குரோசுக்கு இத்தனை பைசா என்று கணக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நானும் உட்காருவேன். அண்ணன் உட்கார மாட்டான், அவன் கிட்டிப்புள் விளையாடப் போவான். உலை கொதிக்கும்வரை ஒட்டு, சோறு வடித்ததும் ஒட்டு, தம்பியை மடியில் போட்டுக்கொண்டு ஒட்டு. இன்றைக்கு 'ஒரே நேரத்தில் பல வேலை' என்று அத்தியாயம் போட்டு எழுதுகிறார்களே, அதற்கு அம்மாவிடம் பாடம் படிக்கலாம். குவியலை அவள் அடுக்குகிற அழகே தனி. ஒரு பெட்டி நசுங்கினாலும் எண்ணிக்கையில் கழித்துவிடுவார்கள்.

ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர் தொழில் என்ன என்று கேட்டார். அப்பா சொன்னார்: "அவ சும்மாதான் இருக்கா." அம்மாவும் மறுக்கவில்லை. கையில் பசை காய்ந்திருந்தது.

மரியா மீஸ் 1982இல் ஆந்திராவின் நர்சாபூர் லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி எழுதிய ஆய்வு நூலை நான் வாசித்தது திருமணத்துக்குப் பிறகு. வாசிக்கும்போதெல்லாம் எங்கள் தெருதான் கண் முன்னால் வந்தது. அங்கே பெண்கள் பின்னிய லேஸ் கடல் கடந்து போய் விற்றது, வியாபாரிகள் சம்பாதித்தார்கள். பின்னியவர்களோ 'வீட்டுப் பெண்கள்', ஓய்வு நேரத்தில் ஏதோ செய்கிறார்கள். அந்தப் பெயரை வைத்தே கூலியைக் குறைக்க முடிந்தது என்று மீஸ் காட்டுகிறார். வீட்டில் செய்தால் அது வேலை இல்லை, வேலை இல்லை என்றால் கூலியும் கூலி இல்லை. வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்பவர்களை மற்ற தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. 2020இல் ஊரடங்கு வந்து கம்பெனி ஆட்கள் வீட்டுக்குள் உட்கார்ந்ததும், வீட்டிலிருந்து வேலை என்பது ஏதோ அன்றைக்குத்தான் கண்டுபிடித்த மாதிரி பேசினார்கள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தெருக்களில் போய்ச் சொல்லிப் பாருங்கள். தறிச் சத்தத்தில் நீங்கள் சொல்வதே கேட்காது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி ஆண்டாளைப் பற்றிப் பேசாமல் எழுந்தால் ஊரில் விட மாட்டார்கள். மார்கழியில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டுதான் அம்மா பசை காய்ச்சினாள். திருப்பாவையும் ஒரு கால அட்டவணைதான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். முப்பது நாள், விடியலில் குளியல், நெய் கூடாது, பால் கூடாது, மையிடக் கூடாது, பூ முடிக்கக் கூடாது என்று திட்டமாகச் சொல்லி வைத்திருக்கிறாள். ஆனால் அந்த அட்டவணையைப் போட்டவள் தன் ஆசைக்காகப் போட்டாள். தனியாகவும் போகவில்லை. முப்பதில் பத்துப் பாசுரம், ஆறு முதல் பதினைந்து வரை, தூங்குகிற தோழிகளை வீடு வீடாக எழுப்பவே போகிறது. நேர நிர்வாகப் புத்தகக்காரர் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு நேரம் வீண் என்பார். இருபத்தேழாவது பாசுரத்தில் நோன்பு முடிந்து முழங்கை வழிய நெய்யோடு எல்லோரும் கூடி உண்கிறார்கள். அதை யார் கிண்டினார்கள் என்று ஆண்டாளும் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

எண்களுக்கு வருகிறேன். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் நாடு முழுக்க நடந்தது. வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97. கணக்கெடுத்த நாளில் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களே 100க்கு 26 பேர்தான், பெண்கள் 81 பேர். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்து ஆண்டில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சம், ஆணுக்கு ஒன்பது. மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், மேலே சொன்ன பத்துப் புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து மிச்சப்படுத்தியது அவ்வளவுதான்.

2023 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1000 ரூபாய் தருகிறது. தொடங்கியபோதே ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு. 289 நிமிடத்தை முப்பது நாளுக்குப் பெருக்கி 1000 ரூபாயை வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட வராது. ஆனாலும் அந்தத் தொகையை நான் கேலி செய்ய மாட்டேன். உதவித்தொகை என்று எழுதாமல் உரிமைத்தொகை என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு சொல்லை மாற்ற எத்தனை மல்லுக்கட்ட வேண்டும் என்று பிரதி திருத்துகிறவளுக்குத் தெரியும்.

இவ்வளவும் தெரிந்தவள் என் வீட்டில் என்ன செய்தேன் என்றும் சொல்ல வேண்டும். அந்தப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டே, அதன் ஐந்தாம் அத்தியாயத்தைப் பார்த்து ஒரு அட்டவணை போட்டேன். கலர் பேனா, ஸ்கேல் எல்லாம் வைத்து. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இரண்டு வாரம் பிரமாதமாக ஓடியது, எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. பாத்திரம் தேய்க்க வரும் அக்கா எட்டு மணிக்கு வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தேன். இன்னும் இரண்டு வீடு பார்த்துவிட்டு எட்டுக்கு வர அவர் தன் வீட்டில் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று நான் கேட்கவில்லை. அது என் அட்டவணைக்கு வெளியே இருந்தது.

ஆடியில் அம்மா வந்தாள். கண்புரை ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாவற்றையும் உற்றுப் பார்க்கிறாள். ஃபிரிட்ஜ் முன்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"மாப்பிள்ளைக்கு ஒண்ணு, சம்பந்தியம்மாளுக்கு ஒண்ணு, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒண்ணு. உனக்கு எங்க தாயி?"

எனக்குக் கட்டம் போடவில்லை. எல்லாக் கட்டத்திலும் நான்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் அடுத்த வரிக்குப் போயிருந்தாள். மாலை 5 மணி. பெரியவளுக்கு நேரே: துணி மடிப்பது, விளக்கேற்றுவது. சின்னவனுக்கு நேரே: விளையாட்டு.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. என் அண்ணனின் கிட்டிப்புள் அவளுக்கு ஞாபகம் வந்ததா என்று தெரியாது. எனக்கு வந்தது. அட்டவணையில் இருந்தது என் கையெழுத்து. எந்தப் புத்தகமும் அதை எழுதச் சொல்லவில்லை, கணவரும் மாமியாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் துணி மடிப்பாள், ஒன்பது வயதுப் பையன் ஓடுவான் என்று பேனா தானாக எழுதியது.

அன்று ராத்திரி மகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நீ போடு என்றேன். அவள் போட்ட அட்டவணையில் தம்பியின் பெயர் நான்கு இடத்தில் இருக்கிறது, அப்பாவின் பெயர் ஆறு இடத்தில். என் பெயருக்கு நேரே காலையில் 'வேலை' என்று ஒரே சொல், மத்தியானம் 'தூக்கம்'. அவள் பெயருக்கு நேரே எழுதியிருந்ததை இங்கே சொல்லப்போவதில்லை, அவள் இதைப் படிப்பாள். அட்டவணை ஒழுங்காக நடக்கிறதா என்றால் இல்லை. துணி மூன்று நாளாக நாற்காலியில் குவிந்து கிடக்கிறது. அதைத் தாண்டித் தாண்டி என் மேசைக்குப் போகிறேன். மடித்துவைத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கிறது, இரண்டு தடவை தோற்றும் போனேன். அத்தை மட்டும், "வீடு கெடக்குற கெடைய பாரு" என்கிறார். அவர் சொல்வது அவர் கட்டிய ராஜ்யத்திலிருந்து. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பிரதியில் வந்த 'உதவுவார்' எல்லாவற்றையும் 'செய்வார்' என்று மாற்றி அனுப்பியிருந்தேன். புத்தகம் அச்சாகி வந்தது, புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கியிருந்தார்கள். ஒரு இடத்தை மட்டும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். 112ஆம் பக்கம், கீழிருந்து நான்காவது வரியில், கணவர் பாத்திரம் துலக்குவார்.